மூடிய பெட்டியா, திறந்த பெட்டியா?

“பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க வேண்டும். விண்டோஸ் வாங்கலாமா, மேக் வாங்கலாமா?”

உறவினர் கூடிய இடத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சாப்பாடு ஆறிவிடும், வாதம் ஆறாது. உயர்நிலைப் பள்ளியில் எந்தச் சாதனம் என்பதைப் பள்ளியே முடிவு செய்துவிடுகிறது. தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போகும்போதுதான் பெற்றோருக்குத் தலைவலி ஆரம்பம். விலை, வேகம், வைரஸ், மின்கலம், அழகு என்று எல்லாவற்றையும் அலசுவோம். ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தப் பெட்டியைத் திறக்க முடியுமா? உள்ளே ஒரு பாகம் போதாமல் போனால் அதை மட்டும் மாற்ற முடியுமா?

இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதைப் புரிந்துகொள்ள, சைனாடவுனில் இருந்த ஒரு சிறிய கடையின் கதையே போதும்.

பேர்ல்ஸ் சென்டரில் ஒரு கடை

யூ டோங் சென் ஸ்திரீட்டில் பேர்ல்ஸ் சென்டர் என்றொரு கடைத்தொகுதி இருந்தது. தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதைக்காகப் பின்னாளில் இடிக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டில் சிம் வோங் ஹூ என்ற இளைஞர், தம் நண்பர் இங் காய் வாவுடன் சேர்ந்து அங்கே கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். அதற்கு வைத்த பெயர் கிரியேட்டிவ் டெக்னாலஜி.

பழுதுபார்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஆப்பிள் 2 கணினிக்குக் கூடுதல் நினைவகம் தரும் ஓர் அட்டையை வடிவமைத்து விற்றார்கள். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் செய்த கணினிக்குள், சைனாடவுன் கடைக்காரர் தாம் செய்த பாகத்தைச் செருக எப்படி முடிந்தது?

விடை அந்தக் கணினியின் வடிவத்திலேயே இருந்தது. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியின் மூடியைத் திருகுளி இல்லாமல் கையாலேயே தூக்கிவிடலாம். உள்ளே வரிசையாக எட்டு செருகுவாய்கள் இருக்கும். ‘ஸ்லாட்’ என்று கடைகளில் சொல்வார்களே, அவைதான். கணினியின் மூளையான பிராசசர் சில்லிலிருந்து வரும் முக்கியக் கம்பிகள் அனைத்தும் அந்தச் செருகுவாய்களை எட்டின. எந்தக் கம்பியில் என்ன ஓடுகிறது என்பதை ஆப்பிள் தன் கையேட்டில் அச்சிட்டே கொடுத்தது.

அந்தச் சில்லுக்கு முகவரி சொல்ல 16 கம்பிகள் மட்டுமே இருந்தன. ஒவ்வொரு கம்பியும் 0 அல்லது 1. ஆகவே 65,536 முகவரிகள்தாம் சாத்தியம். அதாவது 64 கிலோபைட். அதற்கு மேல் நினைவகம் சேர்க்க ஒரு தந்திரம் உண்டு. மளிகைக் கடை அலமாரியில் இடம் குறைவு என்றால், ஒரே தட்டில் காலையில் ஒரு பெட்டியையும் மாலையில் வேறு பெட்டியையும் மாற்றி வைப்பதில்லையா? அதுபோல, அதே முகவரிக்குப் பின்னால் வெவ்வேறு நினைவகத் தொகுதிகளை மாற்றி மாற்றி இணைப்பார்கள். இந்த வேலையைச் செருகும் அட்டைகள் செய்தன.

இரண்டு கொள்கைகள்

அந்தக் கடை திறந்த அதே 1981இல், ஆகஸ்ட் 12ஆம் தேதி ஐபிஎம் தன் பிசியை அறிமுகப்படுத்தியது. ஐந்து செருகுவாய்கள், சந்தையில் கிடைக்கும் சில்லுகள், விவரமான தொழில்நுட்பக் கையேடு. பயாஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளுக்கு மட்டும் காப்புரிமை இருந்தது. அதே வேலையைச் செய்யும் பயாஸைக் காம்பாக் நிறுவனம் சொந்தமாக எழுதி, 1982இல் தன் கணினியை அறிவித்தது. பிறகு எத்தனையோ நிறுவனங்கள் ஐபிஎம் பிசிக்கு ஒத்த கணினிகளைச் செய்தன.

ஆப்பிளோ எதிர்த்திசையில் போனது. 1984 ஜனவரியில் வந்த மெக்கின்டாஷில் ஒரு செருகுவாய்கூட இல்லை. பெட்டியைத் திறக்கத் தனி வகைத் திருகுளி வேண்டும். வானொலிப் பெட்டி, சலவை இயந்திரம் போல வாங்கியதும் ஓட வேண்டும், உள்ளே யாரும் கைவைக்க வேண்டாம் என்பது அதன் எண்ணம்.

இதில் நியாயமும் இருந்தது. திறந்த பிசியில் இரண்டு அட்டைகள் ஒரே ‘குறுக்கீட்டு எண்’ணைப் பயன்படுத்தினால் கணினி உறைந்து நின்றுவிடும். பிறகு மூடியைத் திறந்து, அட்டையில் உள்ள சின்னஞ்சிறு இணைப்பிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். மெக்கின்டாஷில் அந்தத் தொல்லை கிடையாது. எல்லா இயந்திரமும் ஒன்றுபோல இருந்ததால் மென்பொருள் எழுதுவோருக்கும் வேலை எளிது.

ஆனால் முதல் மாதிரியில் இருந்த 128 கிலோபைட் நினைவகம் சீக்கிரமே போதாமல் போனது. ஆப்பிள் 2 என்றால் உரிமையாளர் அட்டை வாங்கிச் செருகியிருப்பார். இதில் அதற்கு வழியில்லை. அதே ஆண்டு 512 கிலோபைட் மாதிரி வெளிவந்தது.

1987இல் வேடிக்கை ஒன்று நடந்தது. ஆப்பிள் ஆறு செருகுவாய்களுடன் மெக்கின்டாஷ் 2ஐ வெளியிட்டது. திறந்த வீடாக இருந்த ஐபிஎம், உரிமம் வாங்கினால்தான் பயன்படுத்தலாம் என்ற புதிய வகைச் செருகுவாயைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே காம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் கூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் பொது முறை ஒன்றை அறிவித்தன. பெயர்ப்பலகைகள் அப்படியேதான் இருந்தன. கொள்கைகள்தான் இடம் மாறின.

முழுக் கணினி தோற்றது, ஓர் அட்டை வென்றது

மீண்டும் பேர்ல்ஸ் சென்டர் நண்பர்களிடம் வருவோம். 1986இல் அவர்கள் கியூபிக் சிடி என்ற முழுக் கணினியையே செய்தார்கள். ஐபிஎம் பிசிக்கு ஒத்தது. சீன மொழியில் இயங்கும். வண்ணப் படம் காட்டும், பேசும், பாட்டிசைக்கும். ஏறக்குறைய 5 லட்சம் டாலர் செலவு. ஆனால் வாங்க ஆளில்லை.

தோற்ற கணினியின் யோசனைகளில் ஒலியை மட்டும் பிரித்து, 1987இல் பிசிக்கான இசை அட்டையாக வெளியிட்டார்கள். அக்காலப் பிசியில் ‘பீப்’ என்று கத்தும் சிறு ஒலிபெருக்கி மட்டுமே உண்டு. அந்த அட்டை ஒரே நேரத்தில் 12 சுரங்கள் எழுப்பியது. ஆயினும் கணினி விளையாட்டுகளை எழுதியோர் கனடாவின் ஆட்லிப் நிறுவன அட்டைக்கே பழகியிருந்தார்கள்.

1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆட்லிப் அட்டையில் இருந்த அதே யமாஹா சில்லை வைத்ததால் பழைய விளையாட்டுகள் அப்படியே இசைத்தன. பதிவு செய்த மனிதக் குரலையும் ஒலிக்கச் செய்தது. விளையாட்டுக் கைப்பிடியைச் செருகும் இடமும் அதே அட்டையில் இருந்தது. உலகெங்கும் விற்றது. 1992இல் கிரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் ஆனது. 2023 ஜனவரியில் சிம் வோங் ஹூ காலமானார்.

முழுக் கணினியை விற்கும்போது, வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே இருப்பதை ஒதுக்கச் சொல்கிறோம். அட்டையை விற்கும்போது, இருப்பதை மேம்படுத்தச் சொல்கிறோம். எல்லாக் கணினிகளும் முதல் மெக்கின்டாஷ் போல மூடியே இருந்திருந்தால், சைனாடவுன் கடைக்காரர் உள்ளே நுழைய வாசலே இருந்திருக்காது.

தமிழுக்கும் இதே பாடம்

செருகுவாய் என்பது உண்மையில் ஓர் உடன்பாடு. எந்தக் கம்பியில் என்ன ஓடும் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வது. எழுத்துக்கும் அப்படி ஓர் உடன்பாடு தேவை. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ‘அ’வுக்கு ஒவ்வோர் எண் கொடுத்தது. ஒரு கணினியில் தட்டச்சு செய்த கடிதம் இன்னொன்றில் குப்பையாகத் தெரியும். இதற்கு வழி தேடி 1997 மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதற்கு முன்னின்றவர், ‘கணியன்’ மென்பொருளை உருவாக்கிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. இன்று யூனிகோட் என்ற பொது எண்முறை நிலைத்துவிட்டதால் மேக், விண்டோஸ், கைப்பேசி எதில் எழுதினாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது.

இன்று மூடி ஏன் மீண்டும் மூடிக்கொண்டது?

2020இல் ஆப்பிள் தன் எம்1 சில்லை வெளியிட்டபோது, நினைவகத்தைப் பிராசசருடன் ஒரே பொதியில் வைத்தது. மெல்லிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றிலும் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். ‘விண்டோஸ் திறந்தது, மேக் மூடியது’ என்ற பழைய கணக்கு இப்போது சரிவராது.

இதற்கு இயற்பியல் காரணம் ஒன்று உண்டு. இன்றைய நினைவகத்தில் ஒரே கம்பியில் விநாடிக்கு 640 கோடி துடிப்புகள்கூட ஓடுகின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே மின்சமிக்ஞை இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் கடக்கும். கம்பி நீண்டாலும், நடுவே கழற்றி மாட்டும் இணைப்பு வந்தாலும் சமிக்ஞை சிதையும். கூடுதல் மின்சாரமும் தேவைப்படும். அருகிலேயே பற்றவைத்தால் வேகம் கூடும், மின்கலம் நீடிக்கும், பெட்டி மெலியும்.

அதற்கான விலையை நாம்தான் தருகிறோம். மூன்றாண்டு கழித்து நினைவகம் போதாவிட்டால் கூட்ட முடியாது. ஒரு சில்லு பழுதானால் பலகையையே மாற்றச் சொல்வார்கள்.

மென்பொருளாலும் மூடி விழும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தேவையான பாதுகாப்புச் சில்லோ புதிய பிராசசரோ இல்லாததால், நன்றாக ஓடும் கணினிகள் பல பின்தங்கின. இன்டெல் சில்லு கொண்ட மேக்குகளுக்கு, 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளும் அறிவித்துவிட்டது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது.

கடைக்குப் போகுமுன்

சிம் லிம் ஸ்குவேருக்குப் போனாலும் இணையத்தில் வாங்கினாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. நினைவகம் பற்றவைக்கப்பட்டதா, மாற்றக்கூடியதா? பற்றவைத்தது என்றால் ஐந்தாண்டுத் தேவைக்கு இன்றே வாங்கிவிடுங்கள்.
2. சேமிப்பகத்தையும் மின்கலத்தையும் மாற்ற முடியுமா? யார் மாற்றித் தருவார்கள், எவ்வளவு ஆகும்?
3. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்த ஆண்டுவரை வரும்?
4. பிள்ளை படிக்கப்போகும் பாடத்துக்கான மென்பொருள் இதில் ஓடுமா?

தினமும் பையில் சுமந்து செல்லும் மாணவருக்கு மெல்லிய, மூடிய கணினி பொருத்தமாக இருக்கலாம். நாள் முழுதும் மின்கலம் தாங்குவது அவருக்குப் பெரிய உதவி. வீட்டு மேசையிலேயே இருந்து குடும்பமே பயன்படுத்தப்போகும் கணினி என்றால், பாகங்களை மாற்றக்கூடிய பெட்டியே லாபம். மேலும், ஒரு திருகுளியுடன் அதன் மூடியைத் திறந்து பார்க்கும் பிள்ளைக்கு, எந்தப் பாகம் என்ன செய்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். பேர்ல்ஸ் சென்டர் கடையும் அப்படித் திறந்து பார்த்துத்தான் தொழில் கற்றது.