உங்களுக்குத் தெரியுமா? அருவியைத் தாண்டியும் தென்காசி

ஜூன் பிறந்துவிட்டால் வெளியூர் உறவினர்கள் தென்காசிக்காரர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "சௌக்கியமா?" அல்ல. "குற்றாலத்துல தண்ணி விழுதா?" என்பதுதான். விழுகிறது என்றால் வருவார்கள், குளிப்பார்கள், பார்டர் கடையில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டுவிட்டு அன்று மாலையே கிளம்பிவிடுவார்கள். அரை மணி, ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோயிலும் குடைவரையும் கிராமமும் கண்ணில் படாமலே போய்விடும். அவர்களுக்காகத்தான் இந்தத் துணுக்குகள்.

● தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஜூன், ஜூலையில் வெயிலில் காய்கிறபோது இங்கே மட்டும் ஏன் சாரல்? தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக் கேரளப் பக்கமே கொட்ட வைத்துவிடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த வழியாகக் காற்றும், மழையின் மிச்சமும் இந்தப் பக்கம் நுழைந்துவிடுகின்றன. கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் வரை வரிசையாக நிற்கும் காற்றாலைகளுக்கும் பிழைப்பு இதே காற்றில்தான்.

● குற்றாலப் பேரருவியின் தண்ணீர் உச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. இடையில் பாறையில் 'பொங்குமாங்கடல்' என்ற ஆழமான பள்ளம் இருக்கிறது. முதலில் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிற தண்ணீரில்தான் நாம் நிற்கிறோம். அந்தப் பள்ளம் மட்டும் இல்லாவிட்டால் பேரருவியைத் தூரத்தில் நின்று பார்க்கத்தான் முடியும். ஆனாலும் மலையில் பெருமழை பெய்தால் எந்தப் பள்ளமும் காப்பாற்றாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. போலீஸ் விசில் அடித்தால் மறுபேச்சின்றி வெளியே வந்துவிட வேண்டும்.

● தென்காசி காசி விசுவநாதர் கோயிலைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியன். 1446-இல் வேலை தொடங்கியது, 1457-இல் கோபுரப் பணி. 1463-இல் மன்னர் மறைந்துவிட, தம்பி குலசேகர பாண்டியன் மீதி வேலையை முடித்தார். மதுரையை இழந்த பாண்டியர்களுக்கு அப்போது இதுதான் தலைநகர். இழந்த பெருமையை எல்லாம் இந்தக் கல்லில் மீட்டுவிடப் பார்த்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

கட்டியதைவிட அவர் எழுதி வைத்ததுதான் ஆச்சரியம். மன்னர்கள் கல்வெட்டில் தங்கள் வெற்றியைப் பாடச் சொல்வார்கள். கோயில் சொத்தில் கை வைப்பவனுக்குச் சாபம் கொடுப்பார்கள். பராக்கிரம பாண்டியனோ வேறுவிதம். இந்தக் கோயிலுக்கு என்றாவது ஒரு குறை நேர்ந்து, அதை யார் வந்து சரிசெய்தாலும் அவர்களை உலகறியப் பணிகிறேன் என்று பாட்டாக வெட்டி வைத்திருக்கிறார். குறை நேரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தன் முன்னின்று எழுப்பிய 9 நிலை ராஜகோபுரத்துக்கு 1990-இல் குடமுழுக்கு நடந்தது. உயரம் ஏறத்தாழ 180 அடி. ஊருக்குள் நுழையும்போது பஸ் ஜன்னலில் முதலில் தெரிவது அதுதான்.

● அந்தக் கோபுர வாசலில் அவசரப்படாமல் நடந்து பாருங்கள். நுழையும்போது எதிர்க்காற்று உங்களை வெளியே தள்ளும், பாதி கடந்ததும் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பும் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். சாரல் நாளில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பது நல்லது. உள்ளே போனதும் மண்டபத் தூண்களில் வீரபத்திரர், ரதி, மன்மதன் என ஆளுயரத்துக்கும் மேலான சிலைகள். நகையின் மணியும் விரலின் நகமும்கூடத் தெரிகிற சிற்பங்கள். சன்னதிக்கு ஓடுகிறவர்கள் கண்ணில் இவை படுவதே இல்லை.

● நடராஜரின் ஐந்து சபைகளில் இரண்டு பழைய நெல்லைச் சீமையில் இருக்கின்றன. தாமிர சபை திருநெல்வேலியில், சித்திர சபை குற்றாலத்தில். மற்ற சபைகளில் நடராஜர் திருமேனியாக இருக்கிறார். இங்கே சுவரில் ஓவியமாக ஆடுகிறார், பூசையும் ஓவியத்துக்குத்தான். குற்றாலநாதர் கோயிலை விட்டுச் சற்றுத் தள்ளி, முன்னால் தெப்பக்குளத்தோடு தனியாக இருப்பதால் கூட்டம் இந்தப் பக்கம் வருவது குறைவு. சுவர் முழுக்கப் புராணக் காட்சிகள். ஈரத்துணியோடு போகாதீர்கள், சுவரைத் தொடாதீர்கள்.

● 'திருக்குற்றாலக் குறவஞ்சி' எழுதிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு ஊர் மேலகரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் எல்லோரும் கடந்து போகும் ஊர்தான். நூலைப் பாராட்டி மதுரை மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்கே 'குறவஞ்சி மேடு' என்று பெயர் வந்துவிட்டது. புத்தகத்தின் பெயரால் ஒரு வயல்; இதற்குமேல் ஒரு கவிஞருக்கு என்ன விருது வேண்டும்?

● ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் கடைசிக் காலத்தில் குடியிருந்தது குற்றாலத்தில். அவர் வீட்டுத் திண்ணைக்கு ராஜாஜியும் கல்கியும் தேடி வந்தார்கள். கம்பன் பாட்டும் விருந்தும் சேர்ந்தே பரிமாறப்பட்ட வீடு அது.

● சுந்தரபாண்டியபுரத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. 1992-இல் வந்த 'ரோஜா' படத்தின் கிராமம் அதுதான். 'அந்நியன்' படத்துக்காகப் பாறைகளுக்கு வண்ணம் பூசியதும் அங்கேதான். இப்போது அந்தப் பக்கம் ஆட்களை இழுப்பது சூரியகாந்தி. ஜூலை, ஆகஸ்டில் வயல் வயலாக மஞ்சள். பின்னால் நீல மலை. கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரில் வருகிறார்கள்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. சூரியகாந்தி நாள் முழுக்கச் சூரியனைப் பார்த்துத் திரும்பும் என்று பள்ளியில் படித்தது பாதிதான் சரி. இளம் மொட்டுகள்தான் திரும்பும். முழுதாக மலர்ந்தபின் பூ கிழக்கு பார்த்தே நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடாகும் பூவைத் தேனீக்கள் அதிகம் நாடுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே காலையில் போய், வயலுக்குக் கிழக்கே நில்லுங்கள். அத்தனை பூவும் உங்களைப் பார்க்கும், பின்னணியில் மலையும் விழும். மாலையில் போனால் பூவின் முகத்தில் வெயில் இருக்காது. பிரான்சின் ஆர்ல் நகரில் 1888-இல் ஓவியர் வான்கோ வரைந்து புகழ்பெற்றவை ஜாடியில் வைத்த பூக்கள். நம் ஆட்கள் வயலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறார்கள். அது ஒரு விவசாயியின் வெள்ளாமை; வரப்போடு நிற்கலாமே.

● கடையநல்லூர் பக்கம் திருமலாபுரத்தில் பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் ஒன்று குன்றில் இருக்கிறது. உள்ளே ஆடும் சிவன், திருமால், பிள்ளையார் புடைப்புச் சிற்பங்கள். பழைய ஓவியத்தின் எச்சங்களும் உண்டு. தென்காசிக் கோபுரத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. டீக்கடை எதிர்பார்க்காதீர்கள், தண்ணீர் பாட்டிலோடு போங்கள்.

● கடையநல்லூர் முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போய், அங்கே 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளியையே தொடங்கினார்கள். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி என்று பெயர் வைத்தார்கள்.

● செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூர்க் கணக்கில் இருந்தது. ஊர் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம். குற்றாலத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு இருந்த அரண்மனை இப்போதும் கேரள அரசிடம்தான் இருக்கிறது. 1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் இந்தச் செங்கோட்டைக்காரர்.

● செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அகலப்பாதைக்காக 2010-இல் மூடி, 2018-இல் மீண்டும் முழுதாக ஓட விட்டார்கள். தென்மலை அருகே பதின்மூன்று கண் பாலம் இருக்கிறது. ரயிலில் போகிறவர்களுக்கு அது காலுக்கடியில் போய்விடும்; அழகைப் பார்க்க வேண்டுமானால் சாலையில் நிற்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் போகும்போது ரயில், வரும்போது பஸ்.

● பாரதியார் புதுச்சேரியை விட்டு வந்தபின் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர் கடையம். மனைவி செல்லம்மாவின் பிறந்த ஊர். நெல்லை–தென்காசி ரயிலில் கீழக்கடையத்தில் இறங்க வேண்டும். 1920-இல் இங்கிருந்துதான் தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட நண்பர்களிடம் பணம் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். தீப்பெட்டியைவிட வேகமாக விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. இப்போது எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் அவர் கணக்கு சரிதான் என்று தெரிகிறது.

● சீசனில் அருவிக்கரைக் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் எல்லாம் குவிந்திருக்கும். மலேசியப் பழம் என்று நினைத்து ஒதுக்க வேண்டாம், குற்றால மலையிலேயே விளைவதுண்டு. மங்குஸ்தானைத் திருப்பி அடியைப் பாருங்கள்: பூ மாதிரி இதழ் அடையாளம் இருக்கும். எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமாக இருந்தால் சுளைகள் சிறிதாகவும், பெரும்பாலும் கொட்டையில்லாமலும் இருக்கும். பொறுக்கி எடுக்கக் கடைக்காரர் விடமாட்டார் என்பது வேறு விஷயம்.