மாமல்லபுரத் துறைமுகமும் விடுதலைக் கனவும்

கலையும் இலக்கியமும் காலத்தின் கண்ணாடி என்பர். பழங்காலத்தைப் பேசும் கதையும் தான் எழுதப்பட்ட காலத்தைக் காட்டிவிடுகிறது. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையிலுள்ள மாமல்லபுரத்தைக் கதைக்களங்களுள் ஒன்றாகக் கொண்ட ‘பார்த்திபன் கனவு’ என்னும் புதினம் இதற்குச் சிறந்த சான்றாகும்.

இதன் ஆசிரியர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர். 1941இல் தொடங்கப்பட்ட ‘கல்கி’ இதழில் அவர் இதனைத் தொடராக எழுதினார். தொடர் வெளிவந்துகொண்டிருந்தபோதே, 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் எழுந்தது. தலைவர்கள் சிறைப்பட்டனர், இதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டன. அந்நிய ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்து எழுதுவது இடர் மிக்கதாயிற்று.

கதை ஏழாம் நூற்றாண்டில் நிகழ்கிறது. சோழ மன்னன் பார்த்திபன் பல்லவப் பேரரசுக்குத் திறை செலுத்த மறுக்கிறான்; தன் படை சிறிதென அறிந்தும் போரிட்டு மடிகிறான். தந்தையின் கனவை நனவாக்க முயன்ற மகன் விக்கிரமன் சிறைப்பட்டு, மாமல்லபுரத் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றி நாடு கடத்தப்படுகிறான். 1930இல் உப்புச் சட்டத்தை மீறி வேதாரண்யத்தில் சிறைப்பட்டோரையும், கடல் கடந்து அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டோரையும் அறிந்த தலைமுறைக்கு இது வெறும் பழங்கதையாக இருந்திருக்க இயலாது.

எனினும், பல்லவரை ஆங்கிலேயராகவே கருதிவிடுதல் பொருந்தாது. விக்கிரமனை நாடு கடத்திய நரசிம்மவர்மனே, சிவனடியார் வேடத்தில் அவனுக்குத் துணைநின்று சோழநாடு தன்னுரிமை பெற வழிசெய்கிறான். பகைவரின் மனமாற்றத்தையும் நாடிய காந்தியக் காலத்தின் சாயல் இதில் உண்டு எனலாம்.

கண்ணாடி காட்டுவதெல்லாம் வரலாறும் அன்று. வாதாபியை வென்ற நரசிம்மவர்மன் வரலாற்று மாந்தன். ‘மாமல்லன்’ என்னும் அவனது பட்டமே ஊரின் பெயரில் வாழ்கிறது. பார்த்திபனும் விக்கிரமனும் கற்பனை மாந்தர்கள். ஆனால், அவர்கள் வழியே வெளிப்பட்ட விடுதலை வேட்கை கற்பனையன்று.

1960இல் இப்புதினம் திரைப்படமாயிற்று. அப்போது நாடு விடுதலை பெற்றிருந்தது. கதை அதுவே, அதைக் கேட்ட காலம் வேறு. எனவே, ஒரு புதினத்தையோ திரைப்படத்தையோ அணுகும்போது, ‘இது எக்காலத்தைச் சொல்கிறது?’ என்பதோடு, ‘எக்காலத்தில் சொல்லப்பட்டது?’ என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவே பொழுதுபோக்கைச் சமூக அறிவாக்கும்.