மழைக் கணக்கும் மணி வடிவமும்

கண்டி–மாத்தளை வீதியில் அக்குறணையைக் கடந்தால் வருவது அலவத்துகொட. சுற்றிலும் சரிவுகள், சரிவுகளில் வீடுகள். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் ஏற்படுத்திய மண்சரிவுகளுக்குப் பின்னர், மழையை அளந்து எழுதிவைப்பது வெறும் பொழுதுபோக்கன்று என்பதை நாம் எல்லோரும் அறிவோம். எழுதிய கணக்கை எவ்வாறு படமாக்கிப் பார்ப்பது என்பதையே இங்கு விளக்குகிறோம்.

மழைமானியில் காலை 8.30க்கு எடுத்த அளவுகளை 10 மில்லிமீற்றர் வகுப்பாயிடைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை நாள்கள் என்று நிரல்களாக வரைந்தால் அது வலையுருவரையம். பாடசாலையில் படித்ததுதான். அதன்மேல் ஒரு வளையியை வரைந்தால் பரம்பலின் போக்கு ஒரே பார்வையில் தெரியும். கணனியில் இதைச் செய்யும்போது இரண்டு தவறுகள் நேர்கின்றன.

முதலாவது, அளவுத்திட்டம். உதாரணத்துக்கு, மழை பெய்த 200 நாள்களில் 120 நாள்கள் 10 மில்லிமீற்றருக்குக் குறைவு எனக் கொள்வோம். முதல் நிரலின் உயரம் 120. ஆனால் அடர்த்தி வளையியின் கீழுள்ள மொத்தப் பரப்பு 1. ஆகவே அதன் உயரம் மிகச் சிறியது. இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் வளையி தரையோடு படுத்துவிடும். 120ஐ 200 × 10 ஆல் வகுத்தால் 0.06 வரும். எல்லா நிரல்களையும் இவ்வாறு மாற்றினால் நிரலும் வளையியும் பொருந்தும். நாள்களின் எண்ணிக்கையே தெரிய வேண்டுமெனில், வளையியை 2000 ஆல் பெருக்கலாம். நியூசிலாந்தின் ஒக்லாண்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகாவும் ரொபேட் ஜென்டில்மனும் 1990களில் உருவாக்கிய 'ஆர்' மென்பொருள் இலவசமானது. அதில் 'ஹிஸ்ட்' கட்டளைக்கு மீடிறன் வேண்டாம், அடர்த்தி வேண்டும் எனச் சொன்னால் அது தானே மாற்றித்தரும்.

இரண்டாவது தவறு ஆபத்தானது. எதற்கும் மணி வடிவ வளையியையே போடும் பழக்கம் அது. அந்த 200 நாள்களின் இடை 14, நியமவிலகல் 20 என்போம். மணி வடிவத்தின்படி, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நாள்களில் மழை பூச்சியத்துக்கும் கீழே! 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையோ வரவே வராது. ஆனால் பதிவேட்டில் அத்தகைய நாள்கள் மூன்று இருக்கக்கூடும். உயிர் குடிக்கும் நாள்கள் அவைதான்.

ஆகவே தரவிலிருந்தே பிறக்கும் அடர்த்தி வளையியைப் பயன்படுத்துங்கள். அதை அளவுக்கு மீறி மென்மையாக்கினால் மலையும் பள்ளமும் மறையும். மிகக் குறைத்தால் வளையி ரம்பப் பல்லாகும். அதுவும் பூச்சியத்துக்குக் கீழே சற்று வழியும், அதை நம்பவேண்டாம்.

கடைசியாக, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கைக்குக் கொள்ளும் 24 மணித்தியால அளவுகளான 75, 100, 150 மில்லிமீற்றர்களில் சிவப்புக் கோடுகள் இடுங்கள். அவற்றைத் தாண்டிய நாள்களைக் கையால் எண்ணி எழுதுங்கள். வளையியில் அந்த வால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிந்திருக்கும்.

படம் எச்சரிக்கைக்குப் பதிலாகாது. வெளியேறும்படி அறிவித்தால் வெளியேறுவதே முறை. ஆனால் "இங்கே அப்படி மழை பெய்வதில்லை" என்று சொல்லும் அயலவருக்கு, நமது மழைமானியின் மூன்று நாள்களைக் காட்டலாம். கள்ள அளவுகோலை வேதாகமம் கண்டிக்கிறது. தவறாக வரைந்த வளையியும் அத்தகையதே.