எண்ணெயில் ஒரு தூசு

குமுளி மலைப்பாதையில் சென்றவர்கள், சரிவில் இறங்கும் நான்கு பெரிய குழாய்களைப் பார்த்திருப்பார்கள். 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் சுரங்கத்தின் வழியே வந்து, இக்குழாய்களில் பாய்ந்து, லோயர்கேம்ப் மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. 1958-ல் இங்கே மின் உற்பத்தி தொடங்கியது. டர்பைனைச் சுழற்றிய நீர் பின்னர் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது.

மாணவர்களே, டர்பைன் சீரான வேகத்தில் சுழன்றால்தான் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்ற அலைவெண்ணில் கிடைக்கும். மின்கம்பியில் பழுது ஏற்பட்டுச் சுமை திடீரென்று நீங்கினால் என்ன ஆகும்? டர்பைன் தறிகெட்டு வேகமெடுக்கும். உடனே நீர்வரத்தைக் குறைத்தாக வேண்டும். நீர்மின் நிலையங்களில் இந்த வேலையைச் செய்வது 'கவர்னர்' என்னும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி. பாயும் நீரை எதிர்த்துக் கதவுகளை அசைக்கும் வலிமையை அதற்குத் தருவது எண்ணெயின் அழுத்தம். பள்ளியில் படிக்கும் பாஸ்கல் விதிதான் இதற்கு அடிப்படை.

எண்ணெயை எந்தப் பக்கம் செலுத்துவது என்பதை ஒரு வால்வு தீர்மானிக்கிறது. அதன் தண்டுக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 40 மைக்ரானுக்குக் குறைந்த தூசு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, வால்வில் சிக்கி அதை அசையவிடாமல் செய்யும் தூசை நாம் பார்க்கவே முடியாது! அது உலோகத்தைத் தேய்க்கும்; தேய்ந்த துகள்கள் மேலும் தேய்க்கும். வட்டி குட்டி போடுவது போலத்தான்.

தூசு எப்படி உள்ளே வருகிறது? எண்ணெய் மட்டம் இறங்கும்போது தொட்டி வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. அதனால் தொட்டியின் மூச்சுத்துளையில் வடிகட்டி பொருத்துகிறார்கள். புதிய எண்ணெயும் போதிய தூய்மை உடையதன்று. அதையும் வடிகட்டியே ஊற்ற வேண்டும். மழையில் நிமிர்த்தி வைத்த பீப்பாயின் மேல் நீர் தேங்கும். இரவில் பீப்பாய் குளிர்ந்து உள்ளிருக்கும் காற்று சுருங்கும்போது, மூடியின் விளிம்பு வழியே அந்நீர் உறிஞ்சப்படும். எனவே பீப்பாயைக் கூரையின் கீழ்ப் படுக்கவைப்பது நல்லது. ஓடும் எண்ணெயிலும் அவ்வப்போது மாதிரி எடுத்துத் துகள்களை எண்ணுகிறார்கள்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஊசியில்லாத இரண்டு புதிய சிரிஞ்சுகளைக் குழாயால் இணைத்து, நீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது நகரும். இனி ஒரு சிட்டிகை நுண்மணலைச் சேர்த்து அழுத்துங்கள். எங்கே கரகரக்கிறது, எங்கே சிக்குகிறது என்று உங்கள் விரலே சொல்லிவிடும்.