ஒரே பெட்டியில் ஒரே பிரதி போதுமா?

தாயகத்தை விட்டு வந்தபோது நம்மவர் கையிற் கொண்டுவந்தவை மிகச் சில: பிறப்புச் சான்றிதழ், காணி உறுதியின் நிழற்பிரதி, திருமணப் படம். அகதி விண்ணப்பம் தொடங்கியபின் நேர்காணற் பதிவு, மருத்துவ அறிக்கை, சட்டத்தரணியின் கடிதம் என அக்கட்டு பெருகுகின்றது. இன்று இவற்றுட் பல கைத்தொலைபேசியிற் படங்களாகவே இருக்கின்றன. அத்தொலைபேசி உடைந்தால் அல்லது களவு போனால் என் செய்வது? வீட்டார் அனைவரும் பயன்படுத்தத்தக்க பொதுச் சேமிப்பகம் ஒன்றை அமைத்துக்கொள்வது நல்ல வழி. அதற்கு வாயில் ரவுட்டர்; பெட்டகம் வன்தட்டு. இரண்டையும் அறிந்து தெரிவு செய்தல் வேண்டும்.

வாயில்

சிறிய வீடுகளிற் பெரும்பாலானவற்றுக்கு இணைய நிறுவனம் வழங்கும் ரவுட்டரே போதுமானது. புதிது வாங்குவோர் பெட்டியில் அச்சிட்ட பெரிய வேக எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அது எல்லா அலைவரிசைகளின் வேகத்தையும் கூட்டிச் சொல்லும் எண். தனியொரு கருவி அதனை எட்டுவதில்லை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தூரம் செல்லும்; வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவானது; தடித்த சுவரிலே தளர்ந்துவிடும். ரவுட்டரை அலுமாரிக்குள் ஒளித்து வைக்காது, வீட்டின் நடுவே உயரத்தில் வைத்தல் செலவில்லாத முதல் வைத்தியமாகும்.

வேகத்திலும் முக்கியமானது, தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவார் என்பதே. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் இக்காலத்தை வெளியிடுதல் சட்டப்படி கட்டாயம். வாங்கியதும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுக, வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.3, அது இயலாவிடின் டபிள்யூ.பி.ஏ.2 காப்பைத் தெரிவு செய்க. விருந்தினருக்குத் தனி வலையமைப்பைத் திறந்து கொடுக்கலாம்.

பெட்டகம்

சேமிப்பகத்துக்கு மூன்று வழிகள் உள. முதலாவது, ரவுட்டரின் யூ.எஸ்.பி. துளையில் ஒரு வன்தட்டைச் செருகுதல். மலிவானது, ஆயினும் வேகமும் காப்பும் குறைவு. இரண்டாவது, நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புக் கருவி. இரு வன்தட்டுகள் கொண்டதாயின் ஒன்றிலுள்ளதை மற்றதிலும் ஒரே வேளையில் எழுதிக்கொள்ளும். 4 டெராபைட் தட்டு இரண்டு இட்டால், கிடைப்பது 4 டெராபைட் இடமே. மூன்றாவது, மாதக் கட்டணத்தில் மேகச் சேமிப்பு. இதற்கு இரு படிச் சரிபார்ப்பு இன்றியமையாதது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. இரு தட்டுகளில் எழுதப்படுவதனால் இரண்டு பிரதிகள் உள்ளனவென எண்ணுகின்றனர். ஒரு தட்டுப் பழுதானால் மற்றது காக்கும் என்பது உண்மை. ஆனால், தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். தீயோ களவோ நேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இது வெறும் அச்சமன்று. வெஸ்டேர்ன் டிஜிற்றல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' என்னும் வீட்டுச் சேமிப்புக் கருவிகளுக்கு 2015 இற்குப் பின் திருத்தங்கள் வழங்கப்படவில்லை. 2021 ஜூனில், இணையத்தோடு தொடுக்கப்பட்டிருந்த அக்கருவிகள் பல வெளியாரால் ஊடுருவப்பட்டு, உள்ளிருந்தவை முற்றாகத் துடைக்கப்பட்டன. வேறு பிரதி வைத்திராதோர் பல்லாண்டுப் படங்களை ஒரே நாளில் இழந்தனர். ஆதலால் வெளியிலிருந்து சேமிப்பகத்தை நேரே அணுகும் வசதி தேவைப்படாதவிடத்து, அதனை மூடிவைத்தலே நன்று.

மூன்று பிரதிகள்

கணினியாளர் கைக்கொள்ளும் விதி எளிது: மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். வீட்டுச் சேமிப்பகத்தில் ஒன்று, மேகத்தில் ஒன்று, கடவுச்சொல்லிட்டுக் குறியாக்கம் செய்த சிறு வன்தட்டில் ஒன்று. இக்கடைசிப் பிரதியை வேற்றூரிலுள்ள அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ ஒப்படைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். கடவுச்சொல்லை மறந்தால் அத்தட்டைத் திறக்க இயலாது. அதனைத் தாளில் எழுதி வேறாகப் பத்திரப்படுத்துக.

அகதி விடுதியில் வாழ்வோருக்கு ரவுட்டரும் நாஸும் எட்டாதவை. அவர்களுக்குக் குறியாக்கம் செய்த யூ.எஸ்.பி. குச்சி ஒன்றும், மேகத்தில் ஒரு பிரதியும் போதும். ஆனால் எவரும் மூலப் பத்திரங்களை எறிந்துவிடலாகாது. அதிகாரிகள் அவற்றையே கேட்கக்கூடும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு போயின. வேறிடத்தில் பிரதியில்லாதவை மீளவேயில்லை. அவ்விழப்பை அறிந்த நாம், நம் குடும்பத்தின் சான்றுகளை ஒரே பெட்டியில் ஒரே பிரதியாக விட்டுவைக்கலாமா? வரும் விடுமுறை நாளிலேயே பிள்ளைகளோடு அமர்ந்து இப்பணியைத் தொடங்குவோம்.