கரண்டிக் கணக்கில் ஆழம்

ஒன்பதாம் வகுப்பில் ஐசோடோப்புகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அலைபேசியில் உள்ள சில்லின் சிலிக்கானில் மிகச் சிறிதளவு போரானைக் குறிப்பிட்ட ஆழத்தில் சேர்ப்பார்கள் என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி எழுந்தாள். "தலைமுடியைவிட மெல்லிசா இருக்குமே, எந்த ஆழத்துல எது இருக்குன்னு எப்படி சார் கண்டுபிடிப்பாங்க?" மறுநாள் சொல்கிறேன் என்று அமர வைத்தேன். விடை எனக்கும் தெரியாது.

அன்றிரவு படித்துத் தெரிந்துகொண்டேன். வெற்றிடத்தில் வைத்த படலத்தின்மீது ஆக்சிஜன் அல்லது சீசியம் அயனிகளை வேகமாக மோத விடுகிறார்கள். மேற்பரப்பு அணுக்கள் தெறிக்கின்றன. அவற்றில் ஒரு சிறு பகுதி அயனிகளாக வெளிவருகிறது. அந்த அயனிகளை நிறை நிறமாலைமானி நிறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. மோதல் தொடரத் தொடரப் பள்ளம் ஆழமாகிறது. இதற்கு இரண்டாம் நிலை அயனி நிறை நிறமாலை முறை என்று பெயர்.

இதில் கருவி நேரடியாக ஆழத்தை அளப்பதில்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. கடைசியில் பள்ளத்தின் ஆழத்தை நுண்ணிய ஊசிமுனையால் அளந்து, நேரத்தை ஆழமாக மாற்றுகிறார்கள். எல்லாத் தனிமங்களும் ஒரே அளவில் அயனியாவதில்லை. அதனால் அளவு தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டே செறிவைச் சொல்ல முடியும்.

இதை வகுப்பில் செய்து பார்த்தோம். அகலமான டப்பாவில் ஆற்று மணல், அதன்மேல் செம்மண், அதற்கும் மேல் கோலமாவு என லேசாக ஈரப்படுத்தி, இரண்டு சென்டிமீட்டர் வீதம் நிரப்பினோம். குழுக்கள் நடுவில் சிறு கரண்டியால் தோண்டின. ஒவ்வொரு கரண்டியிலும் எது எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பிட்டு எழுதின. 30 கரண்டியில் 6 சென்டிமீட்டர் என்றால், ஒரு கரண்டிக்கு 2 மில்லிமீட்டர். பிறகு வரைபடம்.

ஒரு குழுவின் கோடுகள் படிக்கட்டுபோல நேராக இருந்தன. முழு மதிப்பெண் போட்டேன். இன்னொரு குழுவின் வரைபடத்தில் செம்மண்ணுக்குள் கோலமாவு நீண்டு கிடந்தது. "கவனமில்லை" என்று எழுதி, பாதி மதிப்பெண் கொடுத்தேன்.

தவறு என்னுடையது. உண்மையான கருவியிலும் எல்லைகள் இப்படித்தான் மங்குகின்றன. மோதும் அயனிகள் மேலடுக்கு அணுக்களைக் கீழே தள்ளிக் கலந்துவிடுகின்றன. பள்ளத்தின் சுவரிலிருந்தும் அணுக்கள் வரும் என்பதால், நடுப்பகுதியிலிருந்து வருபவற்றை மட்டுமே எண்ணுகிறார்கள். பாதி மதிப்பெண் பெற்றவர்கள் கண்டதை எழுதியிருந்தார்கள். முழு மதிப்பெண் பெற்றவர்கள், நான் எதிர்பார்ப்பதை வரைந்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். வகுப்பின் முன் மதிப்பெண்ணைத் திருத்தினேன்.

அன்று ஜெனிசிஸ் விண்கலத்தின் கதையையும் சொன்னேன். 2001இல் நாசா ஏவிய அது, சூரியக் காற்றின் அணுக்களைத் தூய தகடுகளில் சேகரித்தது. 2004 செப்டம்பர் 8 அன்று பூமிக்குத் திரும்பிய பெட்டகத்தின் பாராசூட் விரியவில்லை. அது யூட்டா பாலைவனத்தில் மோதியது. தகடுகள் உடைந்து மண் படிந்தன. ஆனால் அழுக்கு மேற்பரப்பில் இருந்தது. சூரிய அணுக்களோ சில பத்து நானோமீட்டர் உள்ளே புதைந்திருந்தன. ஆழவாரியாக எண்ணியதால் இரண்டையும் பிரித்தறிய முடிந்தது. ஆக்சிஜன்-16 உடன் ஒப்பிட்டால், ஆக்சிஜன்-17, ஆக்சிஜன்-18 ஆகியவை பூமியைவிடச் சூரியனில் குறைவு என்று 2011இல் வெளியிட்டார்கள்.

"அப்போ அழுக்கையும் எழுதி வைக்கணும், இல்லையா சார்?" என்றாள் அதே மாணவி.

இந்தச் செயல்பாட்டுக்கு ஒரு பாடவேளையும் ஒரு டப்பாவும் போதும். செய்து பாருங்கள். மதிப்பெண் போடும் முன், கலங்கிய வரைபடத்தை வரைந்த குழுவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே என்ன பார்த்தீர்கள்?"