கருங்கல்லில் பதிந்த வடக்கு

கோவைக்கு மேற்கே அகளி வரையிலும், வடக்கே தருமபுரிப் பக்கமும், பழைய பாறைகளைப் பிளந்துகொண்டு கருஞ்சுவர்போல டோலரைட் பாறைகள் ஓடுகின்றன. பெரும்பாலானவை நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே, ஆழத்திலிருந்து குழம்பாக ஏறி வெடிப்புகளில் உறைந்தவை. அவற்றிலுள்ள மேக்னடைட் துகள்கள் சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறும்போது, அன்றைய காந்தப்புலத்தின் திசையைப் பதித்துக்கொண்டன.

புவியியலாளர்கள் அந்தப் பதிவைப் படித்திருக்கிறார்கள். பாறையில் விரல் பருமனுக்குத் துளையிட்டு, துண்டு எந்தத் திசை பார்த்து நின்றது என்று குறித்த பிறகே அதை உடைத்தெடுக்க வேண்டும். குறிக்காமல் உடைத்த கல் அந்த ஆய்வுக்கு உதவாது.

பிரான்சில் பெர்னார் புருன் 1906-லேயே தலைகீழாகக் காந்தமேறிய பாறையைக் கண்டறிந்தார். எரிமலைப் பாறைகளின் வயதோடு இந்தத் திசைகளை ஒப்பிட்டு, புவியின் காந்தப்புலமே புரண்டிருக்கிறது என்று 1929-ல் சொன்னவர் ஜப்பானின் மொட்டோனோரி மட்டுயாமா. நம் தக்காணத்து எரிமலைப் பாறைகளிலும் தலைகீழ்ப் பதிவு ஏராளம்.

காரணம் நம் காலடியில், சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே உருகிய இரும்பு வெப்பத்தால் கொந்தளிக்க, புவியின் சுழற்சி அந்த ஓட்டத்தை முறுக்குகிறது. இதில் பிறக்கும் மின்னோட்டமே காந்தப்புலத்தைத் தாங்குகிறது. ஓட்டம் தாறுமாறாகும்போது புலம் வலுவிழந்து, சில நேரம் துருவம் மாறி மீள்கிறது. இதற்குக் கால அட்டவணை கிடையாது. கடைசிப் புரட்டு நடந்து சுமார் 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன. டைனோசர் காலத்திலோ சுமார் 3.7 கோடி ஆண்டுகள் புரளவே இல்லை.

புரட்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இழுக்கும். அப்போது புலம் அடியோடு மறையாது, மெலியும். மெலிந்தால் என்ன நடக்கும்? சிறு மாதிரி ஒன்றை ஊட்டியிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் பதிவுசெய்தது. இங்குள்ள கருவி, அண்டக் கதிர்களால் பிறக்கும் மியூயான் துகள்களை நாள்தோறும் சுமார் 400 கோடி எண்ணுகிறது. 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் புவியின் காந்தக் கவசத்தை நெருக்கியபோது, சுமார் இரண்டு மணி நேரம் அந்த எண்ணிக்கை எகிறியது. கவசம் தற்காலிகமாக நலிந்ததால் அண்டக் கதிர்கள் கூடுதலாக நுழைந்தன என்று ஆய்வாளர்கள் 2016-ல் விளக்கினர்.

கடந்த இரு நூற்றாண்டுகளில் புலத்தின் வலிமை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருப்பது உண்மை. அதை வைத்து நாளையே துருவம் புரளும், உலகம் அழியும் என்று பரவும் காணொளிகளை நம்ப வேண்டியதில்லை. முந்தைய புரட்டுகளை நம் மூதாதை இனங்கள் கடந்தே வந்தன. செயற்கைக்கோள்களையும் மின்தொகுப்பையும் நம்பி வாழும் நமக்கு உடனடி அபாயம் சூரியப் புயல்தான். அதை இரவு பகலாகக் கண்காணிக்கும் ஊட்டி ஆய்வகம் போன்றவற்றுக்கு நிதியும் இளம் ஆய்வாளர்களும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.